கித்தான் போர்த்திய ஃபோம் டிரெய்லர்: உப்பினால், உரிந்தால், ஊறினால் என்ன செய்வது?

அமெரிக்காவில் ஃபோம் பலகைகளை ஒட்டித் தாங்களே கேம்பிங் டிரெய்லர் கட்டிக்கொள்பவர்கள் அந்த வண்டியை 'ஃபோமி' என்பார்கள். சுவரும் கூரையும் 2 அங்குல எக்ஸ்.பி.எஸ் (எக்ஸ்ட்ரூடட் பாலிஸ்டைரீன் என்ற கெட்டி ஃபோம்) பலகை. மரச்சட்டம் கதவு, ஜன்னல் நிலைகளில் மட்டும். மேல் தோலுக்குப் பெரும்பாலோர் எடுப்பது மூன்றே பொருள்: பருத்திக் கித்தான், டைட்பாண்ட் 2 போன்ற மரப்பசை, வெளிச்சுவர் அக்ரிலிக் லேடெக்ஸ் பெயிண்ட். ஃபோமில் பசை பூசித் துணியை ஒட்டி, துணிமேலும் பசையை ஊறவிட்டு, காய்ந்தபின் பெயிண்ட் அடிப்பார்கள். இதற்குப் 'புவர் மேன்ஸ் ஃபைபர்கிளாஸ்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சுருக்கம் பி.எம்.எஃப். பெயர் புதிதே தவிர முறை பழையது. மரத்தோணிகளுக்கும் பழைய ரயில் பெட்டிகளின் கூரைக்கும் கித்தான் போர்த்திப் பெயிண்ட் அடித்து ஓட்டிய காலம் உண்டு. ஒழுங்காகச் செய்தால் நன்றாக உழைக்கிற தோல் இது.

ஒழுங்காக என்பதற்கு இங்கே ஒரே பொருள்தான். அந்தப் பசையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். மரத்தோடு மரத்தை ஒட்டும்போது அந்தத் தண்ணீரை இரண்டு பக்க மரமும் உறிஞ்சிவிடும். ஃபோம் ஒரு சொட்டுகூட உறிஞ்சாது. 4 அடிக்கு 8 அடி டிரெய்லருக்குச் சுமார் ஒன்றரை கேலன் பசை செலவானால், 3 லிட்டருக்கு மேல் தண்ணீர் துணி வழியாக மட்டுமே வெளியேறியாக வேண்டும். கீழே வரும் கோளாறுகளில் பாதிக்கு மேல் அந்த வழியை அடைத்ததால் வருபவை. மீதியில் பெரும்பகுதி, பிறகு மழைத் தண்ணீர் அதே துணிக்குள் புகுந்து வெளியேற முடியாமல் நிற்பதால் வருபவை. எந்தக் கோளாறைப் பார்த்தாலும் முதலில் 'தண்ணீர் எங்கே மாட்டிக்கொண்டது?' என்று கேளுங்கள்.

அளவுக் கணக்கை ஒருமுறை சொல்லிவிடுவோம். 4 அடி உயரமுள்ள கண்ணீர்த்துளி வடிவ வண்டியின் வெளிப்பரப்பு சுமார் 120 சதுர அடி. 60 அங்குல அகலக் கித்தான் 11 கெஜம் வேண்டும்: பக்கத்துக்கு 3 கெஜம் வீதம் இரண்டு, கூரைக்கு 5 கெஜம். எடை சதுர கெஜத்துக்கு 8 முதல் 10 அவுன்ஸ். 12 அவுன்ஸுக்கு மேல் போனால் பசையைக் குடித்துக்கொண்டே இருக்கும், வளைவிலும் படியாது. பசை 2 கேலன் கையில் இருக்கட்டும். பெயிண்டும் 2 கேலன். எல்லாம் காய்ந்தபின் இந்தத் தோலின் எடை 11, 12 கிலோ அளவில்தான் நிற்கும். பெயிண்ட் கடையில் நிறம் தவறிக் கலந்ததால் திரும்பி வந்த டின்கள் மலிவாகக் கிடைக்கும். வெளிச்சுவருக்கானதா, 100 சதவீத அக்ரிலிக்கா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.

கொப்புளம்

இது எப்போது வந்தது என்பதுதான் முக்கியம். மூன்று வேளைகளில் வரும், மூன்றுக்கும் காரணம் வேறு.

*ஒட்டிய அன்றே, பசை ஈரமாக இருக்கும்போதே வந்தால்:* அடிப்பசை குறைவு, அல்லது துணியைப் போடுவதற்குள் பசை ஆடை கட்டிவிட்டது. டைட்பாண்ட் 2 திறந்த நிலையில் சுமார் 5 நிமிடம்தான் தாங்கும். கூரை முழுக்கப் பசை பூசிவிட்டுத் துணியைத் தூக்கி வந்தால் அதற்குள் பாதி இடம் காய்ந்திருக்கும். 2 அடி அகலப் பட்டையாகப் பூசுங்கள். துணியை உருட்டி வைத்துக்கொண்டு அவிழ்த்தபடியே போகவேண்டும். கையோ பிளாஸ்டிக் பட்டித் தகடோ கொண்டு நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளுங்கள். வந்துவிட்ட கொப்புளத்தை உடனே பார்த்தால் துணியைப் பின்னுக்கு உரித்து, பசை தொட்டு, மறுபடி தேய்த்தால் போதும். அமுங்கட்டும் என்று பிளாஸ்டிக் தாளைப் போட்டு மேலே மணல் மூட்டை வைப்பவர்கள் உண்டு. தண்ணீர் வெளியேற இருந்த ஒரே வழியையும் அது அடைத்துவிடும். நிற்காத இடத்தில் தையல் குண்டூசியைச் சாய்வாகக் குத்தி வைத்து, மறுநாள் பிடுங்கிவிடுங்கள். ஊசியை உள்ளேயே விட்டால் துருவாகப் பெயிண்டில் தெரியும்.

*பெயிண்ட் அடித்து ஓரிரு நாளில் வந்தால்:* பசை காயாமலே பெயிண்ட் ஏறிவிட்டது. மேலே தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருக்கும், அடியில் பாலாக நிற்கும். காய்ந்த டைட்பாண்ட் 2 ஒளி ஊடுருவும் மஞ்சளாகத் தெரியும். வெள்ளைத் திட்டு எங்காவது இருந்தால் காயவில்லை. இன்னும் உறுதியான சோதனை: ஓர் அடிச் சதுர பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி இரவு முழுக்க விடுங்கள். காலையில் தாளின் உட்பக்கம் வியர்த்திருந்தால் இன்னும் பொறுக்க வேண்டும். 21 டிகிரி செல்சியஸில், காற்றோட்டம் உள்ள இடத்தில் 3 நாள். புழுக்கமான வானிலையில் ஒரு வாரம் ஆனாலும் வியப்பில்லை.

இப்படி வந்த கொப்புளத்தைத் திருத்த அவசரப்படாதீர்கள். பெயிண்டை 80 நம்பர் உப்புத்தாளால் துணி இழை தெரியும்வரை தேய்த்து, ஒரு வாரம் காய விடுங்கள். சில தானாகவே இறங்கிவிடும். இறங்காதது காசளவு என்றால் எதிரெதிரே இரண்டு துளை போட்டு, ஒன்றில் ஊசியில்லாத சிரிஞ்சால் பசையை ஏற்றுங்கள். மற்றத் துளை காற்று வெளியேற. பசை அந்தத் துளையில் எட்டிப் பார்த்ததும் நிறுத்தி அழுத்தித் தேயுங்கள். உள்ளங்கையைவிடப் பெரியதென்றால் சிரிஞ்சு வேலைக்கு ஆகாது, அறுத்துத்தான் ஆகவேண்டும். நடுவில் நெசவு இழையோடு ஒரு நேர்வெட்டு, இருபக்கமும் மடித்து, அடி ஃபோமை 60 நம்பர் தாளால் சுரண்டி, தூசு தட்டி, பசை பூசி மூடுங்கள். வெட்டின் மேல் எல்லாப் பக்கமும் 2 அங்குலம் தாண்டி நிற்கும் ஒட்டுத்துணி ஒன்று. ஒட்டின் மூலைகளை வட்டமாக வெட்டுங்கள். கூர்மூலைதான் முதலில் கிளம்பும்.

*வெயிலில் எழும்பி மாலையில் அடங்கினால்:* இதைப் பலர் பசைக் கோளாறு என்று நினைத்துத் திரும்பத் திரும்ப அறுத்து ஒட்டுகிறார்கள். பசை தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. உள்ளே எங்கோ அடைபட்ட காற்று இருக்கிறது. 20 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடேறினால் காற்று சுமார் 14 சதவீதம் விரிய முயலும். கொப்புளங்களைச் சாக்கட்டியால் குறித்துவிட்டு எட்டி நின்று பாருங்கள். ஒரே கோட்டில் வரிசையாக நின்றால் அடியில் பலகை மூட்டு இருக்கிறது, அல்லது கூரையை வளைக்கப் போட்ட ரம்ப வெட்டு முழுதாக நிரம்பவில்லை. உள்பக்கத்திலிருந்து அந்த வெற்றிடத்துக்கு 3 மில்லிமீட்டர் துளை போட்டால் காற்று உள்ளே போய்வர வழி கிடைக்கும், வெளித்தோலைத் தொடவே வேண்டாம்.

வரிசை இல்லாமல் கண்டபடி சிதறியிருந்தால் ஃபோமே வாயு விடுகிறது. எக்ஸ்.பி.எஸ்ஸை ஊதிப் பெருக்கப் பயன்படுத்திய வாயு பலகையின் கண்ணறைகளில் நெடுநாள் தங்கும், சூட்டில் மெல்ல வெளியேறும். இந்த ஃபோமில் சர்ஃப் பலகை செய்பவர்களுக்கு இது நெடுநாளைய தலைவலி. கட்டும் முன்பே வால்பேப்பர் துளையிடும் முள்சக்கரத்தை ஃபோம் முழுக்க ஓட்டிவிட்டால் வாயுவுக்கும் இடம் கிடைக்கும், பசைக்கும் பல் கிடைக்கும். கட்டி முடித்துவிட்டீர்கள் என்றால் மருந்து நிறம்தான், வெள்ளை அல்லது அதற்கு அடுத்த வெளிர் நிறம். கரும்பச்சையும் கறுப்பும் கோடை வெயிலில் 70 டிகிரியைத் தாண்டும். எக்ஸ்.பி.எஸ் தாங்கும் உச்சமே 74 டிகிரி. இந்தப் பசையும் சூட்டில் இளகும் இனம். அடர்நிறம் வேண்டுமென்றால் பக்கச் சுவரின் கீழ்ப்பாதியில் ஒரு பட்டையாக வைத்துக்கொள்ளுங்கள், கூரையில் வேண்டாம்.

துணி அப்படியே பாய்போல உரிந்து வருகிறது

உரிந்த துணியின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்.

ஃபோம் துகள்கள் ஒட்டிக்கொண்டு வந்திருந்தால் பசை நன்றாகப் பிடித்திருக்கிறது, கிழிந்தது ஃபோம். வலுக்கட்டாயமாக உரித்தபோது இப்படி வந்தால் மகிழ்ச்சியடையலாம்.

பசை கண்ணாடிபோல வழவழப்பாகத் துணியோடு வந்து, ஃபோம் சுத்தமாக இருந்தால், ஃபோமின் தோலை நீக்காமல் ஒட்டியிருக்கிறார்கள். தொழிற்சாலைத் தோல் மினுமினுப்பானது, பசைக்குப் பிடி தராது. சில பலகைகளில் அதற்கும் மேலே மெல்லிய பிளாஸ்டிக் ஏடு ஒட்டியிருக்கும். மூலையை நகத்தால் கீறினால் கிளம்பும். அதை முழுக்க உரித்துவிட்டு, 60 நம்பர் தாளாலோ கம்பி பிரஷாலோ மினுமினுப்பு போகும்வரை தேய்க்க வேண்டும். தேய்த்த தூசை வேக்கூமில் எடுத்து, ஈரத்துணியால் துடையுங்கள். தூசோடு விட்டால் பசை தூசைத்தான் பிடிக்கும்.

பசை ஃபோமில் இருந்து, துணி வெறுமையாக வந்தால் குற்றவாளி துணி. ஆடை கட்டிய பசைமேல் போட்டிருக்கலாம், அல்லது துணியே தண்ணீர் ஒட்டாதபடி பதப்படுத்தியதாக இருக்கலாம். பெயிண்டர்கள் தரையில் விரிக்கும் கித்தான்களில் அடியில் பிளாஸ்டிக்கோ ரப்பரோ பூசியவை உண்டு. கூடாரத்துக்கான கித்தான் பெரும்பாலும் தண்ணீருக்கும் பூஞ்சைக்கும் எதிராகப் பதப்படுத்தியது. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்தாக உருண்டு நின்றால் அந்தத் துணி வேண்டாம். சில நொடியில் ஊறிப் பரவினால் எடுத்துக்கொள்ளலாம்.

முழு வண்டியில் இறங்குமுன் ஒரு துண்டு ஃபோமில் ஓரடி நீளப் பட்டை ஒன்றை ஒட்டி, 3 நாள் கழித்து உரித்துப் பார்ப்பது இந்த வேலையிலேயே மிகப் பயனுள்ள அரைமணி நேரம். அதை யாரும் தவிர்க்கக் கூடாது.

காய்ந்த பசை சுண்ணாம்பாக வெளுத்திருக்கிறது

குளிரில் ஒட்டியிருக்கிறீர்கள். டைட்பாண்ட் 2க்கு 55 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 13 செல்சியஸ் குறைந்தபட்சம். காற்று மட்டுமல்ல, ஃபோமும் துணியும் அந்தச் சூட்டில் இருக்க வேண்டும். அதற்குக் கீழே பசை படலமாகச் சேராமல் பொடியாகக் காயும். பகலில் ஒட்டி, இரவில் குளிர்ந்தாலும் இதே கதிதான். நகத்தால் சுரண்டும்போது பொடி உதிர்ந்தால் அந்தப் பகுதியை உரித்து மறுபடி ஒட்டுவது தவிர வேறு வழியில்லை. மேலே இன்னொரு கோட் பசை போட்டு மூடுவது பொடிமேல் மேடை கட்டுவது.

தண்ணீர் அதிகம் கலந்தாலும் படலம் மெலிந்துபோகும். தயாரிப்பாளர் சொல்லும் எல்லை 5 சதவீதம். அடிக்கோட்டில் தண்ணீரே சேர்க்காதீர்கள். துணிமேல் ஊறவைக்கும் கோட் இறங்கவில்லை என்றால் பசையை இளக்குவதைவிடத் துணிமேல் ஸ்பிரே பாட்டிலால் லேசாகத் தண்ணீர் தெளிப்பது மேல். இழை நனைந்ததும் பசையை அதுவே இழுத்துக்கொள்ளும்.

பலகைக்கும் பலகைக்கும் நடுவில் பசை காயவே இல்லை

காயாது. இரண்டு பக்கமும் ஃபோம் என்றால் தண்ணீருக்குப் போக இடமே இல்லை. மூட்டுகளுக்கு இந்த மரப்பசை தவறான தேர்வு. கொரில்லா குளூ போன்ற பாலியூரிதேன் பசை ஈரத்தை எடுத்துக்கொண்டு இறுகும், ஆகவே அடைபட்ட இடத்திலும் வேலை செய்யும். ஒரு பக்கம் தண்ணீர் தெளித்து, மறுபக்கம் மெல்லிசாகப் பசை. 3, 4 மடங்கு பொங்கும், அதனால் பட்டை போட்டு இறுக்கிக் கட்டாவிட்டால் மூட்டையே தள்ளிவிடும். ஃபோம் பலகைக்கென்று விற்கும் கட்டுமானப் பசையும் ஆகும்.

ஃபோமில் குழி விழுகிறது, ஓரம் சுருங்கிக் கரைகிறது

கரைப்பான் பட்டிருக்கிறது. அசிட்டோன், டொலுவீன், பெட்ரோல், ஸ்டைரீன் எல்லாம் பாலிஸ்டைரீனைத் தின்றுவிடும். சாதாரண ஸ்பிரே பெயிண்ட், கான்டாக்ட் சிமென்ட், பாலியெஸ்டர் ரெசின், சைலீன் உள்ள பெட்லைனர் (பிக்கப் வண்டியின் தளத்துக்கு அடிக்கும் பூச்சு) எதையும் வெறும் ஃபோமில் தொடவிடாதீர்கள். எப்பாக்சி தின்னாது, ஆனால் விலை அதிகம். குழி விழுந்த இடத்தை நன்றாகக் காற்றாட விட்டு, இளகிய பகுதியை வெட்டி எடுத்து, தண்ணீர் வழி (கரைப்பானுக்குப் பதில் தண்ணீரில் கலந்த) லேசான பட்டியால் நிரப்புங்கள். ஆழம் ஓர் அங்குலத்தைத் தாண்டினால் ஃபோம் துண்டு ஒன்றை ஆப்பாகச் செதுக்கிப் பாலியூரிதேன் பசையால் பதிப்பதே உறுதி.

துணி போர்த்தி, பெயிண்டும் அடித்தாகிவிட்டது, இனிக் கரைப்பான் உள்ளதைப் பூசலாமா என்று கேட்பார்கள். ஊசித்துளை ஒன்று போதும், ஆவி உள்ளே போகும். தண்ணீர் வழிப் பொருளே கிடைக்கும்போது எதற்கு அந்த அபாயம்?

துணியில் சுருக்கம் விழுகிறது

கித்தானைத் துவைத்துப் போடுவதா, துவைக்காமல் போடுவதா என்பதில் கட்டுபவர்களுக்குள் இரண்டு கட்சி உண்டு. துவைக்காத பருத்தி, நனைந்ததும் சுருங்கித் தானே முரசுத்தோல்போல இழுத்துக்கொள்ளும், சிறு சுருக்கங்கள் மறையும். ஆனால் அதே இழுப்பில் உட்குழிவான இடங்களில் துணி ஃபோமைவிட்டு எழும்பிவிடும், ஓரங்கள் உள்ளே நகர்ந்துவிடும். கூரைபோல வெளிப்பக்கம் வளைந்த பரப்புக்குத் துவைக்காத துணி, சக்கர வளைவுபோல உள்வளைவு இருக்கும் இடத்துக்கு வெந்நீரில் துவைத்து உலர்த்தித் தேய்த்த துணி. எங்கள் பரிந்துரை இதுதான். எப்படியானாலும் மடிப்புக் கோடு உள்ள துணியை இஸ்திரி போடாமல் ஒட்டாதீர்கள். பொட்டலத்தின் மடிப்பு பெயிண்டின் வழியே கடைசிவரை தெரியும்.

மூலைகளில் இரு திசையிலும் வளைவு வரும். நேர் இழையில் வெட்டிய துணி அங்கே படியாது. தையற்காரர் ரவிக்கையில் டார்ட் பிடிப்பதுபோல முக்கோணமாக வெட்டி எடுத்து, ஓரங்களை ஓரங்குலம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றுங்கள். அல்லது அந்த மூலைக்கு மட்டும் குறுக்கு இழையில் வெட்டிய தனித்துண்டு வையுங்கள். அது இழுபட்டுப் படியும்.

காய்ந்துபோன சுருக்கத்தை இஸ்திரிப் பெட்டியால் இளக்கலாம் என்பது உண்மைதான், பசை சூட்டில் இளகும். ஆனால் இஸ்திரியின் மிகக் குறைந்த சூடே ஃபோமின் உச்சத்தைவிட அதிகம். இரண்டு நொடிக்கு மேல் வைத்தால் பள்ளம் விழும். பிளேடால் முகட்டைச் சீவி, தேய்த்து, ஒட்டுத்துணி போடுவதுதான் பாதுகாப்பு.

ஜன்னலைச் சுற்றிச் சூரியக் கதிர்போலச் சுருக்கம் வந்தால் துணியில் தேடாதீர்கள். ஜன்னல் வளையத்தின் திருகுகளை இறுக்கியபோது அடியில் ஃபோம் நசுங்கியிருக்கிறது. ஃபோம் திருகைத் தாங்காது. சுவர் கனத்துக்கே மரச்சட்டம் பதித்து அதில்தான் இறுக்க வேண்டும்.

மூட்டுக் கோடு பெயிண்டில் தெரிகிறது, பிறகு அதே கோட்டில் விரிசல்

வெறும் கோடு என்றால் பட்டி பார்க்காமல் போர்த்தியதுதான் காரணம். இந்தத் துணி மெல்லியது, அடியில் உள்ள அரை மில்லிமீட்டர் மேடும் வெளியே தெரியும். பொங்கி வழிந்த பாலியூரிதேன் பசையைச் சீவாமல் விட்டாலும் அப்படியே. அது ஃபோமைவிடக் கடினம், உப்புத்தாளால் தேய்த்தால் பக்கத்து ஃபோம்தான் பள்ளமாகும். கூரான பிளேடால் சமமாகச் சீவிய பிறகே தாளை எடுங்கள்.

விரிசல் என்றால் மூட்டு அசைகிறது. நெடுஞ்சாலையில் வண்டி முறுகும்போது அசையும் மூட்டை எந்தத் தோலும் மூடி வைக்காது. விரிசலை 'வி' வடிவில் வெட்டி, உள்ளே பாலியூரிதேன் பசை ஏற்றி, மேலே 4 அங்குல அகலக் கித்தான் பட்டை ஒட்டுங்கள். டிரைவால் (ஜிப்சம் பலகைச் சுவர்) மூட்டுக்குப் போடும் ஃபைபர்கிளாஸ் வலை நாடாவை மட்டும் போட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம். நாடாவின் மேல் துணியும் வேண்டும்.

கீழோரம் கிளம்புகிறது, கருக்கிறது

வெட்டிய கித்தான் ஓரம் ஒரு விளக்குத் திரி. ஒரு முனை தண்ணீரைத் தொட்டால் போதும், மேலே ஏற்றிக்கொண்டே இருக்கும். சக்கரம் வாரி அடிக்கும் சேறு, பனி, கழுவும் தண்ணீர் எல்லாம் கீழோரத்தில்தான் நிற்கும். பெயிண்டுக்கு அடியில் மங்கலான கறை ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் மேலே ஏறினால் இதுதான் நடக்கிறது.

கறை எவ்வளவு உயரம் போயிருக்கிறது என்று கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று இருந்தால் துணியும் ஃபோமும் பிரிந்துவிட்டன. மெத்தென்ற பகுதிக்கு மேல் 2 அங்குலம்வரை வெட்டி எடுத்து, நன்றாகக் காயவைத்துப் புதுத்துணி ஒட்டுங்கள். மேல்துணி கீழ்த்துணியின் மேல் ஏறி நிற்க வேண்டும், கூரை ஓடு வேய்வதுபோல. பழைய துணியின் ஓரத்தை 2 அங்குலம் கவனமாகத் தூக்கி அதனடியில் புதியதைச் செருகினால் இந்த ஒழுங்கு கெடாது. கீழே 3 அங்குலம் தளத்துக்கு அடியில் மடித்து, ஒட்டுப்பலகையோடு பசை போட்டு, துருப்பிடிக்காத எஃகு ஸ்டேப்ளர் பின் அடியுங்கள். மடிப்புக்குள் உள்ள வெட்டோரத்தைப் பசையில் ஊற ஊறப் பூசி, அடிப்பக்கமும் மூன்று கோட் பெயிண்ட். யாரும் பார்க்காத அடிப்பக்கம் என்று விட்டால் திரி அங்கிருந்துதான் குடிக்கத் தொடங்கும்.

முன்னோரத்தில் ஒழுங்கு வேறு: முன்துணி பின்துணியின் மேல் ஏற வேண்டும். இல்லையென்றால் மணிக்கு 100 கிலோமீட்டர் காற்று வாயைத் திறந்து உள்ளே நுழையும்.

ஜன்னல், விளக்கு, கதவுக் கீல் என்று தோலில் துளை விழும் ஒவ்வோர் இடமும் ஒரு திரிமுனை. துளைபோட்டதும் உள்விளிம்பில் பசை தடவிக் காயவிட்டு, பிறகு பியூட்டைல் டேப் (மெத்தென்று ஒட்டும் ரப்பர் நாடா) வைத்து மாட்டுங்கள். சிலிக்கோனை இந்த வண்டியில் சேர்க்கவே வேண்டாம். அதன்மேல் பெயிண்டும் பிடிக்காது, பிறகு வைக்கும் எந்த ஒட்டும் பிடிக்காது.

கரும்புள்ளியும் வாடையும்

பருத்தி ஈரமாக இருந்தால் பூஞ்சை வரும். புள்ளி பெயிண்டின் மேலா அடியிலா என்பதைக் கண்டுபிடியுங்கள். வீட்டு பிளீச் ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு கலந்து தடவி, கால்மணி நேரம் விட்டுக் கழுவினால் மேலே உள்ளது போய்விடும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், அமோனியா உள்ள எந்தச் சோப்போடும் கலக்காதீர்கள். விஷவாயு வரும். போகாத புள்ளி அடியில் இருக்கிறது. தண்ணீர் புகுந்த வாயை முதலில் தேடி அடைக்காமல் மேலே பெயிண்ட் அடித்தால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியதாகும்.

குளிர்காலத்தில் தார்ப்பாயை இறுக்கிப் போர்த்தி நிறுத்துவதால் வரும் பூஞ்சைதான் அதிகம். பாய்க்கும் கூரைக்கும் நடுவே ஒருசாண் இடைவெளி வரும்படி பி.வி.சி குழாயில் வளைவு வைத்து, இருபுறமும் காற்றுக்கு வழி விடுங்கள்.

நெசவின் கண்கள் வழியே நனைகிறது

பெயிண்ட் போதவில்லை. முதல் கோட்டில் 10 சதவீதம் தண்ணீர் கலந்து இழைக்குள் இறக்கவேண்டும், அடுத்த மூன்றும் கலக்காமல். கூரையில் ஒரு கரண்டித் தண்ணீரை விட்டு 10 நிமிடம் கழித்துத் துடையுங்கள். கருத்த திட்டு தெரிந்தால் இன்னொரு கோட் வேண்டும். கூரைக்கு மட்டும் வெள்ளை எலாஸ்டோமெரிக் (ரப்பர்போல இழுபடும்) கூரைப்பூச்சு ஒரு கோட் கூடுதலாகக் கொடுப்பது நல்ல செலவு. தண்ணீர் வழியானதா என்று டின்னில் பார்த்து வாங்குங்கள்.

பின்கதவு ரப்பரில் பெயிண்ட் ஒட்டிக்கொண்டு பிய்கிறது

லேடெக்ஸ் பெயிண்ட் தொட்டால் காய்ந்திருக்கும், முழுதாக இறுக ஒரு மாதம் ஆகும். அதுவரை கதவை அழுத்தி மூடி வைக்காதீர்கள். ரப்பரில் முகப்பவுடரோ மெழுகோ தேய்த்தால் ஒட்டாது. சிலிக்கோன் ஸ்பிரே மட்டும் வேண்டாம். அடுத்த முறை பெயிண்ட் அடிக்கும்போது அந்த இடமெல்லாம் பெயிண்ட் மீன்கண்போல வட்ட வட்டமாகப் பிரியும்.

கல்லடி, பள்ளம்

முன்முகத்தின் கீழ் ஓரடிதான் அடிபடும். தோல் கிழியாமல் பள்ளம் மட்டும் என்றால் மேலேயே பட்டி பூசிப் பெயிண்ட் தொடலாம். கிழிந்திருந்தால் அன்றே டேப் போட்டு மூடி, வீடு திரும்பியதும் ஒட்டுப் போடுங்கள். வெயில் பட்ட எக்ஸ்.பி.எஸ் மஞ்சள் பொடியாக உதிரத் தொடங்கும், பொடியை முழுக்கத் தேய்த்து எடுக்காமல் எந்தப் பசையும் பிடிக்காது. அடிக்கடி மண்சாலையில் ஓட்டுபவர்கள் அந்த ஓரடிக்கு இரட்டைக் கித்தான் போட்டு, அலுமினியத் தகடு ஒன்றைப் பியூட்டைல் டேப்பால் பதித்துவிடுவது நல்லது.

கித்தான் அல்லாத துணி போட்டவர்களுக்கு

பழைய பருத்திப் படுக்கைவிரிப்பு சுலபமாகப் படியும், பசையும் குறைவாகக் குடிக்கும், ஆனால் மரக்கிளை உரசினால் கிழியும். இரண்டு அடுக்காகப் போட்டால் தேறும். பாதி பாலியெஸ்டர் கலந்த விரிப்பில் பசை இழைக்குள் இறங்காது, ஓரம் கிளம்புவது அதில்தான் அதிகம். சாக்குத்துணியின் கண்ணை நிரப்பவே இரண்டு மடங்கு பசை போகும், மலிவு என்ற கணக்கு அங்கேயே அடிபட்டுவிடும். ஜன்னல் கொசுவலை ஃபைபர்கிளாஸ் ஆனாலும் அதன் இழைமேல் வினைல் பூச்சு இருப்பதால் இந்தப் பசை அதைப் பிடிப்பதில்லை, பெயிண்டோடு ஏடாக வந்துவிடும். துணியே இல்லாமல் ஃபோமின்மேல் பெயிண்ட் மட்டும் அடித்த வண்டி வெயிலைத் தாங்கும், விரல் நகத்தைக்கூடத் தாங்காது.

இவற்றில் எது உங்கள் வண்டியில் இருந்தாலும் முழுக்க உரிக்க வேண்டியதில்லை. விரல் முட்டியால் ஓரடிக்கு ஓரிடம் தட்டிக்கொண்டே போங்கள். 'டக்' என்று கெட்டியாகக் கேட்கும் இடம் பிடித்திருக்கிறது. 'பொத்' என்று கேட்கும் இடத்தைப் பென்சிலால் வளைத்துக் குறியுங்கள். வளையங்கள் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்குள் அடங்கினால் ஒட்டுப் போடுவதே சிக்கனம். அதற்கு மேல் என்றால் அந்தப் பக்கத்தை உரித்து, ஃபோமைத் தேய்த்து, 3 கெஜம் புதுக் கித்தானோடு தொடங்குங்கள். நல்ல வானிலையில் ஒட்டும் வேலைக்கு ஒரு பகல் போதும், பெயிண்டுக்கு முன் குறைந்தது 3 நாள் காயவிட வேண்டும்.